குறைமாதக் குழந்தையின் மூளை ஸ்கேன்: எந்த நாளில் எடுப்பது, எதைத் தேடுவது, எப்படிப் படிப்பது

27 வாரத்தில் பிறந்த குழந்தையின் மூளையை ஸ்கேனில் பார்த்தால் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழவென்று இருக்கும். பெரியவர்களின் மூளையில் நாம் பார்க்கிற மடிப்புகளில் பெரும்பாலானவை இன்னும் விழுந்திருக்காது. கருப்பைக்குள் நடக்க வேண்டிய அந்த வேலை இப்போது இன்குபேட்டருக்குள் நடக்கிறது. இந்தச் சமயத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் குழந்தை பெரும்பாலும் காட்டிக்கொள்வதில்லை. 1978இல் பாப்பில் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த 46 குழந்தைகளுக்கு வரிசையாக சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 20 குழந்தைகளுக்கு ரத்தக்கசிவு இருந்தது. அவர்களில் உயிர்பிழைத்த பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரிந்திருக்கவில்லை. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் மிகவும் குறைமாதத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுக்கும் வழக்கம் வந்ததற்கு இதுதான் காரணம்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பெற்றோரையும், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் செவிலியர்களையும் இளம் மருத்துவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்ப நான் சொல்லப்போவது ஒன்றைத்தான்: எந்த எந்திரம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த நாள் என்று கேளுங்கள். மூளைக் காயம் ஒவ்வொன்றுக்கும் அது கண்ணில் படுகிற காலம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தைத் தவறவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த எந்திரமும் சும்மாதான் நிற்கும்.

படி 1: வாரக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் இரண்டு எண்கள் போதும். குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து இன்றோடு எத்தனை வாரம் ஆகிறது. இரண்டையும் கூட்டினால் இன்று குழந்தையின் மூளைக்கு என்ன வயது என்று தெரியும். 28 வாரத்தில் பிறந்து 6 வாரம் ஆன குழந்தைக்கு 34 வார மூளை. ஸ்கேன் படத்தில் "இது இயல்பா?" என்ற கேள்விக்கு இந்த எண் இல்லாமல் பதில் சொல்லவே முடியாது. 26 வாரத்தில் வழவழப்பு இயல்பு, 40 வாரத்தில் அதே வழவழப்பு கவலைக்குரியது. ஸ்கேன் கேட்டு எழுதும் சீட்டில் இந்த வாரக் கணக்கு விடுபட்டிருந்தால், படத்தைப் படிக்கும் கதிரியல் மருத்துவர் பாதி இருட்டில்தான் வேலை செய்கிறார்.

படி 2: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேடுவது முக்கியமாக மூன்று.

முதலாவது, மூளை அறைகளை ஒட்டிய ரத்தக்கசிவு. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. பக்க அறைகளின் சுவரை ஒட்டி, புதிய நரம்பு செல்கள் பிறக்கும் ஒரு திசு இருக்கிறது. முளைத் திசு என்று சொல்லலாம். அதன் ரத்தக்குழாய்கள் மெல்லிய சுவர் கொண்டவை; ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே கிழியக்கூடியவை. நிறைமாதம் நெருங்கும்போது இந்தத் திசு தானாகவே சுருங்கி மறைந்துவிடும். அதனால்தான் இது குறைமாதக் குழந்தைகளின் நோயாக இருக்கிறது. கசிவுகளில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. பெரும்பாலானவை முதல் 3 நாட்களுக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது, வெண்பொருள் காயம். மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதிதான் வெண்பொருள். நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் 24 முதல் 32 வாரம் வரை முதிராத நிலையில் இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தாலோ, உடலில் தொற்றும் அழற்சியும் ஏற்பட்டாலோ அவை எளிதில் சாகும். இந்தக் காயம் நடக்கும் நாளும் படத்தில் தெரியும் நாளும் வேறு வேறு. இதை படி 5இல் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது, சிறுமூளை ரத்தக்கசிவு. மூளையின் பின்பக்கம் தாழ்வாக இருப்பதால் வழக்கமான ஸ்கேனில் எளிதில் தப்பிவிடும்.

படி 3: முதல் அல்ட்ராசவுண்ட்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை இப்படி: 30 வாரமோ அதற்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 7 முதல் 10 நாட்களுக்குள் தலை அல்ட்ராசவுண்ட், அப்புறம் 4 முதல் 6 வாரத்தில் ஒன்று, நிறைமாத வயதை எட்டும்போதோ வீட்டுக்கு அனுப்பும் முன்போ இன்னொன்று. கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் 32 வாரத்துக்குக் கீழே பிறந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, முதல் ஸ்கேனை இன்னும் முன்னே, பிறந்த 4ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் இழுக்கிறது. குழந்தை திடீரென்று வெளிறினாலோ, ரத்த அணுக்கள் சட்டென்று குறைந்தாலோ, வலிப்பு வந்தாலோ எந்த அட்டவணையும் பார்க்க வேண்டாம், அன்றே எடுக்க வேண்டும்.

எடுப்பது இன்குபேட்டருக்குள்ளேயே. குழந்தையை எங்கும் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை. கை கழுவி, புரோப் எனப்படும் கைக்கருவியைத் துடைத்து, ஜெல்லைச் சூடாக்கி, அதன் பிறகே கதவுத் துளையைத் திறக்க வேண்டும். குளிர்ந்த ஜெல் ஒரு துளி பட்டாலே 900 கிராம் குழந்தையின் இதயத் துடிப்பு மாறுவதைத் திரையில் பார்க்கலாம். புரோபை உச்சிக்குழியின் மேல் வைத்தால் போதும், அழுத்தக் கூடாது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை குறுக்குவெட்டாகச் சுமார் ஆறு படங்கள். பிறகு புரோபைத் திருப்பி நடுக்கோட்டில் ஒன்று, இரு பக்கமும் இரண்டிரண்டு.

பல இடங்களில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் சிறுமூளை தப்புகிறது. காதுக்குப் பின்னால், மேலே, மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடத்தில் இன்னொரு சின்ன இடைவெளி உண்டு. அங்கே புரோபை வைத்துப் பார்த்தால் சிறுமூளை பக்கத்திலேயே தெரியும். இரண்டு நிமிட வேலை. அறிக்கையில் இந்தக் கோணம் குறிப்பிடப்படவில்லை என்றால் கேட்பதில் தப்பில்லை.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரையும் கொஞ்சம் ஓட விட்டுப் பார்ப்பது நல்லது. ரத்தக்கட்டியா, அறைக்குள் இயல்பாகவே இருக்கும் ரத்தக்குழாய்ப் பின்னலா என்ற குழப்பம் அடிக்கடி வரும். பின்னலுக்குள் ரத்தம் ஓடும், கட்டிக்குள் ஓடாது. இன்னொரு அடையாளமும் உண்டு: இரண்டு பக்க அறைகளும் நடு அறையோடு சேரும் துளைக்கு முன்னால் அந்தப் பின்னல் போவதே இல்லை. அதற்கு முன்னே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் கசிவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: கசிவின் தரத்தைப் படிப்பது

பாப்பில் வகுத்த நான்கு தரங்கள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் தரத்தில் கசிவு முளைத் திசுவோடு நின்றுவிடும். இரண்டாவதில் அறைக்குள் இறங்கும், ஆனால் அறை விரியாது. மூன்றாவதில் ரத்தத்தால் அறை விரியும். நான்காவதில் அறைக்கு வெளியே மூளைத் திசுவிலும் ரத்தம்.

எண்கள் ஏறுவதால் ஒரே நோய் படிப்படியாக முற்றுகிறது என்று தோன்றும். நான்காவது தரம் அப்படி உருவாவதில்லை. முளைத் திசுவில் உறைந்த ரத்தம் அருகிலுள்ள சிரையை அடைக்கிறது. ரத்தம் வெளியேற வழியில்லாமல் அந்தச் சிரையைச் சார்ந்த வெண்பொருள் வீங்கி, சிதைந்து, ரத்தம் கோக்கிறது. அதனால் இது பெரும்பாலும் ஒரு பக்கமாகவே இருக்கும், விசிறி வடிவத்தில் தெரியும். பிறகு அந்த இடம் அறையோடு சேர்ந்த ஒரு குழியாக மாறும். பாதிப்பு வந்தால் எதிர்ப்பக்கக் கை, காலில் வரும். "நாலாம் கிரேடு" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு நிலைகுலைந்து போகும் பெற்றோர் கேட்க வேண்டியவை: எந்தப் பக்கம், எவ்வளவு பெரியது, மூளையின் எந்தப் பகுதி? சின்னதாக நெற்றிப் பக்கத்தில் இருப்பதும் பெரிதாக இரு பக்கமும் பரவியிருப்பதும் ஒரே எண்ணைத்தான் பெறுகின்றன. குழந்தைக்கு அவை வேறு வேறு வாழ்க்கை.

அறைக்குள் ரத்தம் இருந்தால் வேலை அந்த ஒரு படத்தோடு முடிவதில்லை. அடுத்த சில வாரங்களில் நீர் வடியும் வழி அடைபட்டு அறைகள் பெருக்கலாம். தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். குறைமாதக் குழந்தையின் மூளை மென்மையானது, அதனால் அறை முதலில் உள்ளேதான் விரியும். தலை பெருப்பது அதற்குப் பின்னால். ஆகவே வாரம் ஒரு முறையோ இரண்டு முறையோ அல்ட்ராசவுண்டில் அளக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பக்க அறையின் வெளி ஓரம் வரை உள்ள தூரத்தை, லெவீன் என்பவர் 1981இல் கொடுத்த வாரவாரி வரைபடத்தில் குறித்துக்கொண்டே வரலாம். 97ஆம் சதமானக் கோட்டைத் தாண்டி 4 மில்லிமீட்டர் போன பிறகே தலையீடு என்பது பழைய வழக்கம். அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே, பக்க அறையின் முன்பகுதியான முன்கொம்பின் அகலமும் 6 மில்லிமீட்டரைக் கடந்திருந்தால் தொடங்கலாமா என்பதை எல்விஸ் என்ற ஆய்வு சோதித்தது. அதற்குப் பிறகு சீக்கிரமே நீரை வெளியேற்றும் பக்கம் பலர் சாய்ந்திருக்கிறார்கள். என் பார்வையில் இந்த ஒரு வரைபடம் கட்டிலருகே தொங்குவது, எட்டு தளம் தள்ளியிருக்கும் எம்ஆர்ஐயைவிட அதிகம் உதவும்.

படி 5: நாலாவது வார ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்

முதல் ஸ்கேன் நன்றாக வந்துவிட்டால் எல்லோருக்கும் மூச்சு வரும். அங்கேதான் ஆபத்து.

வெண்பொருள் காயம் முதல் வாரத்தில் அறைகளை ஒட்டிய ஒரு மங்கலான வெண்மையாகத்தான் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. அந்த இடத்தில் லேசான வெண்மை இயல்பான மூளையிலும் உண்டு, கோணத்தாலும் எந்திர அமைப்பாலும் கூடும் குறையும். நடைமுறை விதி ஒன்று: அறைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்ப் பின்னலோடு ஒப்பிடுங்கள். அதே அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ வெண்மை இருந்தால், திட்டுத் திட்டாக இருந்தால், இரண்டு திசைப் படங்களிலும் தெரிந்தால் சந்தேகிக்க வேண்டும். 7 நாளுக்கு மேல் மறையாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

சிதைந்த திசு கரைந்து சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாக மாற 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை பொறுத்திருந்து பார்த்தால்தான் தெரியும். சரி, இன்னும் பல வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமா? தெரியாது. கட்டிகள் சுருங்கி ஒட்டிக்கொண்டுவிடும். மிஞ்சுவது கொஞ்சம் விரிந்த, ஓரம் நெளிந்த அறைகள் மட்டுமே. முதல் வாரமும் எட்டாவது வாரமும் மட்டும் ஸ்கேன் எடுத்த குழந்தைக்கு இரண்டு அறிக்கையிலும் "நீர்க்கட்டி இல்லை" என்று வரக்கூடும். இடையில் கட்டிகள் வந்து போயிருக்கும். இரு பக்கமும் பின்பகுதியில் வரும் நீர்க்கட்டிகள் செரிப்ரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதத்தை முன்கூட்டியே சொல்லும் மிக வலுவான அடையாளங்களில் ஒன்று. அதைக் காட்டும் ஜன்னல் சில வாரங்களே திறந்திருக்கிறது.

வேறு மருத்துவமனைக்கு மாற்றப்படும் குழந்தைகளுக்குத்தான் இந்த ஸ்கேன் அதிகம் விடுபடும். மாற்றும் கடிதத்தில் அடுத்த ஸ்கேன் தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: எம்ஆர்ஐ யாருக்கு, எப்போது

அல்ட்ராசவுண்ட் பெரிய கசிவையும் நீர்க்கட்டியையும் நன்றாகக் காட்டும். வெண்பொருளில் சிதறிக் கிடக்கும் புள்ளிக் காயங்கள், பரவலான இழப்பு, சிறுமூளையின் நுண்கசிவு ஆகியவற்றை அதனால் காட்ட முடியாது. இன்றைக்கு நீர்க்கட்டி வகை அரிதாகி, புள்ளியும் பரவலும்தான் அதிகம். எம்ஆர்ஐக்கு இடம் வருவது இங்கே.

ஆனாலும் அதே அமெரிக்கக் கழகம் எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் வழக்கமாக எம்ஆர்ஐ எடுக்கப் பரிந்துரைக்கவில்லை. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு, பெற்றோரோடு பேசி, நிறைமாத வயதில் எடுக்கலாம் என்கிறது. லண்டனில் 33 வாரத்துக்குக் கீழே பிறந்த 511 குழந்தைகளை வைத்து நடந்த ஈபிரைம் ஆய்வில், எம்ஆர்ஐ முடிவைப் பெற்ற தாய்மார்களின் பதற்றம் அல்ட்ராசவுண்ட் முடிவைப் பெற்றவர்களைவிடக் கொஞ்சமே குறைந்தது. எதிர்காலத்தைக் கணிப்பதிலும் எம்ஆர்ஐ சற்றே மேல். கிடைத்தது அந்தச் "சற்றே"தான். கசிவின் உயர்ந்த தரம், நீர்க்கட்டி, சிறுமூளைக் கசிவு, கடுமையான தொற்று, அறுவை சிகிச்சை, விளங்காத வலிப்பு போன்றவை இருந்தால் கட்டாயம் கேட்பேன். 31 வாரத்தில் பிறந்து, மூன்று அல்ட்ராசவுண்டும் சரியாக வந்து, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்குக் கேட்க மாட்டேன்.

படி 7: மயக்க மருந்து இல்லாமல் படம் எடுப்பது

பச்சிளம் குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. பால் கொடுத்து, துணியில் சுற்றி, தூங்க வைத்து எடுக்கலாம். இதற்கான ஏற்பாடு முந்தைய பாலிலிருந்தே தொடங்குகிறது. ஸ்கேனுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு பால் முடியும்படி நேரத்தை ஒதுக்குங்கள். எந்திரம் தாமதமாகிறது என்றால் பாலையும் தாமதப்படுத்த வேண்டும். பால் குடித்துத் தூங்கி, ஸ்கேனுக்கு முன்பே விழித்துவிட்ட குழந்தையை எதுவும் செய்ய முடியாது.

உலோகப் பொத்தான் உள்ள சட்டை, வெப்பநிலை ஒயர், இதயத் துடிப்பு ஒயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தலைக்குள் நீரை வடிக்கும் கருவி வைத்திருந்தால் அதன் வகையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்திரத்தின் சத்தம் கடுமையானது. காதுக்குள் அடைப்பான், வெளியே சின்னக் காதுமூடி என்று இரட்டைப் பாதுகாப்பு வேண்டும். சூடாக்கிய துணியில் இறுக்கிச் சுற்றி, காற்றை உறிஞ்சினால் உடலோடு ஒட்டி இறுகும் மெத்தையில் படுக்க வைப்பார்கள். எம்ஆர்ஐக்கு ஏற்ற ஆக்ஸிஜன் அளவி ஒன்று காலில் எப்போதும் இருக்க வேண்டும். பிறந்த குழந்தைகளைக் கையாளத் தெரிந்த ஒருவர் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும். முக்கியமான படங்களை முதலில் எடுத்துவிடுங்கள், எந்த நிமிடமும் குழந்தை விழிக்கலாம்.

படி 8: எந்தப் படத்தில் எதைப் பார்ப்பது

டி1, டி2 என்ற இரண்டு அடிப்படைப் படங்கள்தான் வேலையில் பெரும்பகுதியைச் செய்கின்றன. புள்ளிக் காயங்கள் டி1இல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். நிறைமாதம் வரை காத்திருந்தால் சில மங்கிவிடும். டி2இல் வெண்பொருள் முழுவதும் பரவலாகப் பளிச்சென்று தெரிவது மிகப் பல குறைமாதக் குழந்தைகளுக்கு உண்டு. அதை வைத்து மட்டும் எதையும் சொல்லக் கூடாது. அறிக்கையில் அந்த வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்த பெற்றோர் நிறைய.

ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கலாம் என்றால், கை கால் இயக்கத்துக்கான இழைகள் இறங்கும் உள் உறையின் பின்கையைப் பார்ப்பேன். 40 வாரம் நெருங்கும்போது அங்கே கொழுப்பு உறை போடத் தொடங்கி, டி1இல் ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரியும். ஒரு பக்கம் மட்டும் அது இல்லையென்றால் எதிர்ப்பக்கக் கை, காலில் பலவீனம் வர வாய்ப்பு அதிகம். ஆனால் 35 வாரத்தில் எடுத்த படத்தில் அது இல்லை என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. படி 1இல் எழுதிய எண் இங்கே மறுபடி வந்து நிற்கிறது.

நீரின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் படம் புதிய காயத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பளிச்சென்று காட்டும். சுமார் ஒரு வாரத்தில் அந்தப் பளிச் மங்கிவிடும். ஆகவே இது புதிதாக ஏதோ நடந்ததாகச் சந்தேகம் வந்த சில நாட்களுக்குள் எடுக்க வேண்டிய படம். எஸ்டபிள்யூஐ என்ற வகை, பழைய ரத்தத்தின் இரும்புச் சுவட்டைக் கறுப்புப் புள்ளியாகக் காட்டும். மாதக்கணக்கில் அழியாது. சிறுமூளையின் நுண்கசிவு இதில்தான் அகப்படும். இதில் மட்டுமே தெரியும் சின்னப் புள்ளியையும் அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்த பெரிய கசிவையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

நரம்பிழைகளின் திசையை வரையும் டிடிஐ, மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி, ரத்த ஓட்டத்தை அளக்கும் முறைகள் எல்லாம் ஆய்வில் அருமையானவை. குழந்தைகளின் கூட்டத்தை ஒப்பிட உதவும். தனி ஒரு குழந்தையைப் பற்றி முடிவெடுக்க அவற்றை நம்பத் தயங்குவேன். எந்திரத்துக்கு எந்திரம் எண் மாறுகிறது.

கட்டிலருகே தள்ளிக்கொண்டு வரக்கூடிய, காந்தப் புலம் குறைந்த சிறிய எம்ஆர்ஐ எந்திரங்கள் வந்துவிட்டன. அறைகளின் அளவை அவை காட்டும், புள்ளிக் காயங்களுக்கு இன்னும் போதாது. சிடி ஸ்கேன் கதிர்வீச்சு காரணமாக இந்தக் குழந்தைகளுக்கு வழக்கமான பரிசோதனையாக இனி வேண்டாம்.

படி 9: அறிக்கையை இயக்கத்தோடு சேர்த்துப் படிப்பது

மருத்துவரிடம் உட்காரும்போது இவற்றைக் கேளுங்கள்: படம் எடுத்தபோது மூளைக்கு எத்தனை வாரம்? காயம் எங்கே, ஒரு பக்கமா இரு பக்கமா? சிறுமூளை தனியாகப் பார்க்கப்பட்டதா? அடுத்த ஸ்கேன் எப்போது?

அப்புறம் குழந்தை அசைவதைப் பார்க்க வேண்டும். 2017இல் நோவக்கும் அவருடைய குழுவினரும் தொகுத்துக் காட்டியபடி, திருத்திய வயது (பிறந்த நாளிலிருந்து இல்லாமல், பிரசவம் ஆகியிருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயது) 5 மாதத்துக்கு முன்பே பெருமூளை வாதத்தைக் கண்டறிய மூன்று வழிகள் நம்பகமானவை: எம்ஆர்ஐ, ஹைன் என்ற நரம்பியல் பரிசோதனை, குழந்தையின் தன்னியல்பான அசைவுகளை வீடியோவில் பார்த்து மதிப்பிடும் முறை. உணர்திறனில், அதாவது பாதிப்பு உள்ள குழந்தைகளில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பதில், வீடியோ முறைக்கு 98 சதவீதம், ஹைனுக்கு 90, எம்ஆர்ஐக்கு 86 முதல் 89. பல கோடி பெறும் எந்திரத்தைவிடப் பயிற்சி பெற்ற கண்ணும் ஒரு கைபேசியும் முன்னால் நிற்கின்றன.

வீடியோவை நீங்களே எடுக்கலாம். திருத்திய வயது 3 முதல் 5 மாதத்துக்குள், குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் நேரத்தில், மல்லாக்கப் படுக்க வைத்து, கை காலை மறைக்காத உடையோடு, வாயில் நிப்பிள் இல்லாமல், மேலிருந்து முழு உடம்பும் தெரியும்படி மூன்று நான்கு நிமிடம் போதும். பேசவோ பொம்மை காட்டவோ வேண்டாம். நாள்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்குத் திருத்திய 3 மாதம் என்பது, பிறந்த தேதியிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 6 மாதம்.